பாக்ஸரு, சரி... வேலைக்கு என்ன பண்றே?

முதல்ல ஒரு சின்ன குவிஸ். இந்தியாவோட தேசிய விளையாட்டு எது?

ஹாக்கின்னு கை தூக்கினவங்க எல்லாம் அப்படியே பெஞ்சு மேல ஏறி நில்லுங்க :-) 2012-ல லக்னோவைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல இதே கேள்வியைக் கேட்டு மனு போட்டா. ‘எந்த விளையாட்டையும் நாங்க தேசிய விளையாட்டா அறிவிக்கலை’ன்னு மத்திய விளையாட்டு அமைச்சகத்துலேருந்து பதில் வந்துச்சு. மயில் தேசியப் பறவை, புலி தேசிய விலங்கு, தாமரை தேசிய மலர். விளையாட்டுன்னு போட்ட கட்டம் மட்டும் காலி. அந்தக் காலி இடத்துல கிரிக்கெட்காரங்க துண்டு போட்டு உட்கார்ந்து ரொம்ப வருஷம் ஆச்சுங்கறது வேற விஷயம்.

‘இப்ப எதுக்குடா இந்த ஜெனரல் நாலெட்ஜ்?’ன்னு கேக்கறீங்க. மேட்டர் இருக்கு. அந்தக் கிரிக்கெட் துண்டுக்குப் பின்னாடி நிக்கிற வரிசையில குத்துச்சண்டை எங்க நிக்குதுன்னு ரெண்டு வாரமா மண்டையைப் போட்டு உடைச்சிட்டு இருக்கேன். பொட்டி தட்டுற எனக்கும் பாக்ஸிங்குக்கும் என்ன சம்பந்தம்னா, என் சித்தி பையன்.

*

சித்தி வீடு வட சென்னையில. சித்தப்பா மாநகரப் பேருந்துல கண்டக்டர். பையனுக்கு இருபது வயசு, பி.காம். ரெண்டாவது வருஷம். ஆனா அவன் காலேஜ்ல இருக்கற நேரத்தை விட பயிற்சிக் கூடத்துல இருக்கற நேரம்தான் ஜாஸ்தி. 60 கிலோ பிரிவு. மாநில அளவுல ஒரு வெள்ளி வாங்கியிருக்கான். நேஷனல்ஸுக்குப் போன வருஷம் ஒரே ஒரு பவுட்ல வாய்ப்பு போச்சு.

இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தப்ப சாப்பிட்டுட்டு மொட்டை மாடியில உட்கார்ந்திருந்தோம். மெதுவா ஆரம்பிச்சான்.

“ண்ணா, நான் ப்ரோ ஆகலாம்னு இருக்கேன்.”

துணி எடுக்க வந்த சித்தி காதுல அது விழுந்துடுச்சு.

“ப்ரோன்னா என்னடா? இப்பத்தான் தெருவுல எல்லாப் பசங்களும் ப்ரோ ப்ரோன்னு கூப்பிட்டுக்கறானுங்களே.”

ப்ரோன்னா ப்ரொஃபஷனல், காசுக்காக சண்டை போடறதுன்னு விளக்கினதும் சித்திக்கு முகம் மாறிடுச்சு. கீழ போய் சித்தப்பாகிட்ட சொல்ல, அவர் மேல வந்தாரு. சத்தம் எல்லாம் போடலை. “ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ்ல சேருவான்னுதானே முட்டையும் பாலும் வாங்கிப் போட்டேன்” அப்படின்னு மட்டும் சொன்னாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, “நீ இன்ஜினியருக்குப் படிச்சவன். கம்ப்யூட்டர்ல பார்த்து இவனுக்கு எது நல்லதுன்னு சொல்லுப்பா”ன்னுட்டு இறங்கிப் போயிட்டாரு.

எங்க சொந்தத்துல இன்ஜினியர்னா டிவி ரிப்பேர்லேருந்து ஜாதகம் வரைக்கும் எல்லாம் தெரிஞ்சவன்னு ஒரு நினைப்பு. சரி, ஆபீஸ்ல எஸ்டிமேட் போடற மாதிரி ஒரு எக்ஸெல் ஷீட் போட்டுடலாம்னு உட்கார்ந்தேன். இந்தப் பதிவு அந்த ஷீட்தான், கட்டம் இல்லாம.

*

முதல்ல ஒரு விளக்கம். அமெச்சூர் பாக்ஸிங்னா ஏதோ பொழுதுபோக்குக்கு ஆடறதுன்னு நினைச்சுடாதீங்க. ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, நேஷனல்ஸ் எல்லாம் அந்தக் கணக்குதான். மூணு ரவுண்டு, ஒவ்வொண்ணும் மூணு நிமிஷம். சட்டை போட்டிருப்பாங்க. 60 கிலோ பையனுக்கு 10 அவுன்ஸ் கிளவுஸ். ஒரே போட்டித் தொடர்ல நாலஞ்சு நாள் அடுத்தடுத்து ரிங்ல ஏறணும். ஜெயிச்சா மெடல், சர்டிஃபிகேட்.

ப்ரொஃபஷனல் வேற ஜாதி. சட்டை கிடையாது. அதே 60 கிலோ பையனுக்கு கிளவுஸ் 8 அவுன்ஸா குறைஞ்சிடும், அதாவது நடுவுல இருக்கற பஞ்சு குறைச்சல். நாலு ரவுண்டுல ஆரம்பிச்சு ஆறு, எட்டு, பத்துன்னு ஏறி, உலகப் பட்டம்னா பன்னெண்டு ரவுண்டு. ஒரு சண்டைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல மாசக் கணக்குல இடைவெளி. அணி, மாநிலம், நாடு எதுவும் பின்னாடி கிடையாது. ப்ரோமோட்டர்னு ஒருத்தர் சண்டையை ஏற்பாடு பண்ணணும், டிக்கெட் விக்கணும், டிவி உரிமை விக்கணும். அதுலேருந்துதான் உன் கூலி. டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ.ன்னு நாலு பெரிய அமைப்பு, நாலு பேரும் தனித்தனியா உலக சாம்பியன் பட்டம் குடுப்பாங்க. எத்தனை ஜெயிச்சே, எத்தனை தோத்தேங்கற ரெக்கார்டுதான் உன் ரெஸ்யூமே. இதுல நம்ம மாதிரி ரெண்டு வருஷ அனுபவத்தை அஞ்சுன்னு போட முடியாது :-)

இப்ப முதல் ஆப்ஷனுக்கு வருவோம். சித்தப்பா சொல்ற ஆப்ஷன்.

*

ஹரியானாவுல பிவானின்னு ஒரு ஊர். இந்திய பாக்ஸிங்கோட தலைநகர்னு சொல்லலாம். அதுக்கு விதை போட்டவர்கள்ல முக்கியமானவர் ஹவா சிங். ராணுவத்துல இருந்தவர். 1966, 1970 ரெண்டு ஆசிய விளையாட்டுலயும் ஹெவிவெயிட் தங்கம். அவரும் கோச் ஜக்தீஷ் சிங்கும் வளர்த்த பிவானி பாக்ஸிங் கிளப்லேருந்து வந்தவர்தான் விஜேந்தர் சிங்.

விஜேந்தரோட அப்பா ஹரியானா அரசுப் பேருந்து டிரைவர். பிவானி பக்கத்துல காலுவாஸ்ங்கற கிராமம். 2008 பெய்ஜிங்ல 75 கிலோ பிரிவுல அவர் வாங்கின வெண்கலம்தான் ஒலிம்பிக் பாக்ஸிங்ல இந்தியாவோட முதல் மெடல். அப்புறம் 2009-ல மிலன் உலக சாம்பியன்ஷிப்ல வெண்கலம், 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுல தங்கம். பரிசா வந்த பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிவானிப் பசங்க மனசுல பதிஞ்சது, பஸ் டிரைவர் பையன் ஹரியானா போலீஸ்ல டி.எஸ்.பி. ஆனதுதான்.

அங்கதான் இந்த நாட்டு பாக்ஸிங்கோட சூட்சுமமே இருக்கு. நம்ம ஊர்ல பாக்ஸிங் ஒரு தொழில் இல்லை. அது ஒரு போட்டித் தேர்வு. மத்தவன் டி.என்.பி.எஸ்.சி. கைடு வாங்கிப் படிக்கிறான், இவன் மூக்குல குத்து வாங்கிப் படிக்கிறான். ரெண்டு பேரும் போய்ச் சேர நினைக்கிற இடம் ஒண்ணுதான். ராணுவம், ரயில்வே, போலீஸ்னு அரசாங்கத்தோட ஏதோ ஒரு கதவு. டோக்கியோவுல வெண்கலம் வாங்கின லவ்லினா அஸ்ஸாம் போலீஸ்ல டி.எஸ்.பி. 2022, 2023-ல ரெண்டு தடவை உலக சாம்பியனான நிகத் ஜரீன் தெலங்கானா போலீஸ்ல டி.எஸ்.பி. ஆறு தடவை உலக சாம்பியனான மேரி கோம் மணிப்பூர் போலீஸ். தமிழ்நாட்டுலயும் அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. சித்தப்பா முட்டைக்கும் பாலுக்கும் போட்ட கணக்கு ஒண்ணும் ஏமாளிக் கணக்கு இல்லை.

ஆனா அந்தக் கதவோட சாவி சர்டிஃபிகேட். நேஷனல்ஸ்ல மெடல் இருக்கா, இந்தியாவுக்கு ஆடியிருக்கியான்னுதான் பார்ப்பாங்க. அப்போ அந்த நேஷனல்ஸை ஒழுங்கா நடத்த ஒரு சங்கம் வேணுமில்ல? இங்கதான் காமெடி. 2012 டிசம்பர்ல இந்திய பாக்ஸிங் சங்கத்தை, தேர்தல் விவகாரத்துல, சர்வதேச சங்கம் சஸ்பெண்ட் பண்ணிச்சு. நடுவுல பாக்ஸிங் இந்தியான்னு ஒண்ணு 2014-ல வந்துச்சு, அதுவும் உள்சண்டையில கவுந்துச்சு. இப்ப இருக்கற பாக்ஸிங் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா 2016 செப்டம்பர்லதான் பொறுப்புக்கு வந்துச்சு. கிட்டத்தட்ட நாலு வருஷம். 2013 உலக சாம்பியன்ஷிப்ல நம்ம பசங்க தேசியக் கொடி இல்லாம, சர்வதேச சங்கத்தோட கொடிக்குக் கீழ ஆடினாங்க. ஒரு பாக்ஸருக்கு இருபதுலேருந்து இருபத்து நாலு வரைக்கும்தான் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கும். பெரியவங்க நாற்காலிச் சண்டை போட்ட நாலு வருஷத்துல எத்தனை பேருக்கு சாவி கைக்கு வராமலே போச்சோ, அதை யாரும் எண்ணி வெச்சிருக்க மாட்டாங்க.

வேலை கிடைச்சுட்டா எல்லாம் சுபமான்னா, அதுவும் இல்லை. கௌர் சிங்னு ஒருத்தர். ராணுவ வீரர். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுல ஹெவிவெயிட் தங்கம், அடுத்த வருஷம் பத்மஸ்ரீ. 1980-ல டெல்லி வந்த முகமது அலியோட கண்காட்சிப் போட்டியில கிளவுஸ் மாட்டி நின்ன மனுஷன். 2017-ல அதே மனுஷன் இதய சிகிச்சைக்குக் கடன் வாங்கிட்டு அதைத் திருப்பிக் குடுக்க முடியாம தவிக்கிறார்னு பேப்பர்ல வந்துச்சு. அப்புறம்தான் ராணுவமும் அமைச்சகமும் உதவிக்கு வந்தாங்க. 2023-ல இறந்து போனாரு. மெடல் வாங்கின அன்னிக்குப் போடற மாலையோட வாசம் எத்தனை நாளைக்கு?

*

ரெண்டாவது ஆப்ஷன், தம்பி சொல்றது.

அதுக்கும் விஜேந்தர்தான் உதாரணம். 2015-ல, இருபத்தொம்பது வயசுல, பிரிட்டன்ல இருக்கற பெரிய ப்ரோமோட்டர் ஃபிராங்க் வாரனோட நிறுவனத்துல சேர்ந்தாரு. உடனே இங்க ஒரு கூச்சல். போலீஸ் உத்தியோகத்துல இருக்கறவர் காசுக்கு சண்டை போடலாமா? அந்தக் கேள்வி பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் வரைக்கும் போச்சு. யோசிச்சுப் பாருங்க. குத்தினதுக்காகத்தான் அந்த வேலையே குடுத்தாங்க. அதே கையால காசுக்குக் குத்தினா வேலைக்கு ஆபத்து. நம்ம அமைப்புல ரெண்டு ஆப்ஷனுக்கும் நடுவுல எவ்வளவு உயரமான சுவர் இருக்குங்கறதுக்கு இதை விட சாட்சி வேண்டாம்.

2015 அக்டோபர் 10-ம் தேதி மான்செஸ்டர்ல முதல் சண்டை. சன்னி வைட்டிங்கற இங்கிலாந்துப் பையனை மூணாவது ரவுண்டுல முடிச்சாரு. 2016 ஜூலையில டெல்லி தியாகராஜ் ஸ்டேடியத்துல கெர்ரி ஹோப்பை பத்து ரவுண்டுல தோக்கடிச்சு டபிள்யூ.பி.ஓ. ஆசிய பசிபிக் பட்டம். அதுக்கப்புறம் மும்பை, ஜெய்ப்பூர், அமெரிக்காவுல நியூவார்க், துபாய்னு வரிசையா ஜெயிச்சு, முதல் சண்டையிலேருந்து மொத்தம் பன்னெண்டு வெற்றி. 2021 மார்ச்ல கோவாவுல, ஒரு கேசினோ கப்பலோட மாடியில ரிங் கட்டி நடத்தின சண்டையில, ஆர்டிஷ் லோப்சன்ங்கற ரஷ்யாக்காரர்கிட்ட முதல் தோல்வி. 2022 ஆகஸ்ட்ல ராய்ப்பூர்ல ஒரு வெற்றி. ஏழு வருஷத்துல மொத்தம் பதினாலு சண்டை. பதிமூணு வெற்றி, ஒரு தோல்வி.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எக்ஸெல் ஷீட்ல போட்டுப் பார்த்தா ஒண்ணு உறைக்குது. ஒலிம்பிக் மெடல், சினிமா ஹீரோ மூஞ்சி, நாடு முழுக்கத் தெரிஞ்ச பேரு, எல்லாம் இருந்தும் இவருக்கு வருஷத்துக்கு சராசரியா ரெண்டு சண்டை. நடுவுல 2014-ல ஒரு ஹிந்திப் படம், 2019-ல தெற்கு டெல்லியில காங்கிரஸ் வேட்பாளரா நின்னு தோல்வி, 2024-ல பா.ஜ.க. அவருக்கு பாக்ஸிங் மட்டுமே போதும்னு இருந்ததா தெரியலை. அப்படின்னா மாநில அளவுல வெள்ளி வாங்கின என் தம்பிக்கு?

மத்தவங்க கதையும் பார்த்தேன். ஹரியானாவோட விகாஸ் கிருஷன், அவரும் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கினவர், 2018-ல அமெரிக்காவோட டாப் ரேங்க்ல சேர்ந்தாரு. ரெண்டு சண்டை ஜெயிச்சதும் டோக்கியோ ஒலிம்பிக்குக்காகத் திரும்பி வந்தாரு. முதல் பவுட்லயே, தோள்பட்டைக் காயத்தோட ஆடித் தோத்தாரு. நிஷாந்த் தேவ் 2024 பாரிஸ்ல காலிறுதியில மெக்சிகோக்காரர்கிட்ட தோத்துட்டு, மேட்ச்ரூம்ல ஒப்பந்தம் போட்டு, 2025 ஜனவரியில லாஸ் வேகாஸ்ல முதல் சண்டையை முதல் ரவுண்டுலயே முடிச்சாரு. தம்பி மொபைல்ல வால்பேப்பரே அவர் படம்தான். ஆனா மூணு பேருமே ஒலிம்பிக் ரிங் ஏறிட்டு, அந்தப் பேரை மூலதனமா வெச்சு வெளிநாட்டு ப்ரோமோட்டர்கிட்ட போனவங்க. நேரா உள்ளூர்லேருந்து ஆரம்பிக்கணும்னா?

2017-ல சூப்பர் பாக்ஸிங் லீக்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 2019-ல பிக் பவுட் லீக்னு இன்னொண்ணு. ரெண்டும் ஒரு சீசனோட சரி. 2014-ல ஆரம்பிச்ச ப்ரோ கபடி மட்டும் இன்னமும் ஓடிக்கிட்டு இருக்கு. கபடிக்கு மாலை நேரத்துல டிவி முன்னாடி உட்கார ஆள் இருக்கு. பாக்ஸிங்குக்கு நாலு வருஷத்துக்கு ஒருக்கா, ஒலிம்பிக் காலிறுதி அன்னிக்குத்தான் ஆள் வருது.

*

இந்த ஷீட் போட்டுட்டு இருக்கும்போதுதான் ஒரு மனுஷனைக் கண்டுபிடிச்சேன். பீட்டர் பக்லி. இங்கிலாந்துல பர்மிங்ஹாம்காரர். ப்ரொஃபஷனல் பாக்ஸரா 300 சண்டை போட்டவர். அதுல 256 தோல்வி. 32 வெற்றி, 12 டிரா. எழுத்துப் பிழை இல்லை மக்களே, 256 தோல்விதான்.

பார்த்தவுடனே சிரிப்புத்தான் வந்துச்சு. அப்புறம் உள்ள போய்ப் படிச்சா அவர் மேல மரியாதை வந்துடுச்சு. அங்க சின்னச் சின்ன மண்டபங்கள்ல வாரா வாரம் குத்துச்சண்டை நடக்கும். வளர்ந்து வர்ற உள்ளூர்ப் பையன் தன் சொந்தக்காரன், சிநேகிதன், ஆபீஸ்காரன்னு எல்லார் தலையிலயும் டிக்கெட் கட்டுவான். அவனுக்கு எதிரா நிக்க அனுபவமுள்ள ஒரு ஆள் வேணும். போன் வந்தா அடுத்த நாளே கூட கிளம்பி வரணும், பையனுக்கு நாலு ரவுண்டு பாடம் எடுக்கணும், தானும் அடிபடாம அடுத்த வாரம் இன்னொரு ஊர்ல நிக்கணும். அதுக்கு ஜர்னிமேன்னு பேரு. பாயிண்ட்ல தோக்கறது அந்த வேலையோட பகுதி. பக்லி இப்படியே பத்தொம்பது வருஷம் வாழ்க்கையை ஓட்டினாரு. 2008 அக்டோபர்ல கடைசி சண்டையில ஜெயிச்சுட்டு ஓய்வு பெற்றாரு.

இந்த ஆள்தான் எனக்கு முக்கியம். ஏன்னா ஒரு விளையாட்டோட அந்தஸ்தை முதல் இடத்துல இருக்கறவனை வெச்சு அளக்கக் கூடாது. முந்நூறாவது இடத்துல இருக்கறவன் அதை வெச்சுச் சோறு சாப்பிட முடியுதான்னு பார்க்கணும். கிரிக்கெட்டை எடுத்துக்கங்க. இந்தியாவுக்கு ஒரு நாளும் ஆடப் போறதில்லைன்னு தெரிஞ்ச ரஞ்சி பையனுக்குக் கூட, ஆடற பதினோரு பேர்ல இருந்தா, 2021-ல போட்ட கணக்குப்படி ஒரு நாளைக்கு குறைஞ்சது 40,000 ரூபாய். அனுபவம் கூடினா 60,000. டெண்டுல்கர் இருந்ததால மட்டும் கிரிக்கெட் பெருசாகலை. முந்நூறாவது ஆளுக்கும் சம்பளம் இருக்கறதாலதான் அப்பாக்கள் தைரியமா பேட் வாங்கித் தர்றாங்க.

என் கதையும் அதுதான். நான் ஒண்ணும் பில் கேட்ஸ் இல்லை. இந்த நாட்டுல கோடு எழுதறவங்களை வரிசையா நிக்க வெச்சா லட்சத்துக்கும் அப்புறம் எங்கேயோ நிப்பேன். ஆனாலும் ஒண்ணாம் தேதி ஆனா சம்பளம் வருது, வண்டிக்கு இ.எம்.ஐ. போகுது. என் தொழில்ல சுமாரா இருந்தாலும் பொழைக்கலாம். தம்பி தொழில்ல, இந்த நாட்டுல, சுமாரா இருக்க அனுமதி இல்லை. அவன் என்னை விட நூறு மடங்கு உழைக்கிறான், இது கண்ணால பார்த்த சாட்சி. ஆனாலும் அவனுக்குத்தான் ‘வேலைக்கு என்ன பண்றே?’ன்னு கேள்வி வருது.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, நம்ம மெட்ராஸ்ல ஒரு காலத்துல அந்த மண்டபக் கூட்டம் இருந்திருக்கு. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர்னு பரம்பரை பரம்பரையா பிரிஞ்சு, டிக்கெட் வாங்கி சண்டை பார்த்த ஊரு வட சென்னை. 2021-ல பா. ரஞ்சித் படம் வந்தப்புறம்தான் நம்மள்ல பாதிப் பேருக்கு அது தெரியும். 1980-ல முகமது அலி வந்தப்ப நேரு ஸ்டேடியத்துல அவ்வளவு கூட்டம் கூடினதுக்குக் காரணமும் அந்த ரசனைதான். 1994-ல பாங்காக் உலகக் கோப்பையில வெண்கலம் வாங்கி, அடுத்த வருஷம் அர்ஜுனா விருதும் வாங்கின தேவராஜன் தமிழ்நாட்டுக்காரர்தான். ரத்தத்துல இருக்கு. தொழிலாத்தான் ஆகலை.

*

இதுக்கு நடுவுல ஒலிம்பிக்லயே பாக்ஸிங்குக்கு ஆட்டம் காண ஆரம்பிச்சது தனிக் கதை. சர்வதேச சங்கத்தோட நிர்வாகம் சரியில்லைன்னு 2019-ல சஸ்பெண்ட் பண்ணி, 2023-ல அங்கீகாரத்தையே எடுத்துட்டாங்க. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டியல்ல முதல்ல பாக்ஸிங்கே இல்லை. 2023 அக்டோபர்ல அதே லாஸ் ஏஞ்சல்ஸுக்கு கிரிக்கெட்டைச் சேர்த்தாங்க! வேர்ல்ட் பாக்ஸிங்னு புது அமைப்பு வந்து, அதுக்குத் தற்காலிக அங்கீகாரம் குடுத்து, 2025 மார்ச்லதான் பாக்ஸிங்கும் உண்டுன்னு முடிவாச்சு. இந்தியா இதுவரைக்கும் பாக்ஸிங்ல வாங்கின ஒலிம்பிக் மெடல் மூணு. விஜேந்தர், மேரி கோம், லவ்லினா. மூணும் வெண்கலம். அந்த வாசலும் மூடியிருந்தா, சர்டிஃபிகேட்டை நம்பியிருக்கற பசங்க கதி என்னன்னு யோசிச்சுக்கங்க.

*

போன ஞாயித்துக்கிழமை ஷீட்டை எடுத்துக்கிட்டு சித்தி வீட்டுக்குப் போனேன். மூணு பேரையும் உட்கார வெச்சு இதை எல்லாம் சொன்னேன். தம்பி பக்லி கதையை ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான்.

சித்தப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. “அந்த வெள்ளைக்காரனுக்கு ரிட்டையர்டு ஆனதும் பென்ஷன் உண்டா?”

“கிடையாது சித்தப்பா. ஒவ்வொரு சண்டைக்கும் கூலிதான்.”

“அப்ப சரி”ன்னு தலையை ஆட்டிக்கிட்டாரு. அவர் ஷீட்ல அந்த ஒரு கட்டம் போதும்.

தம்பி விடலை. “ண்ணா, உன் வேலைக்கு மட்டும் பென்ஷன் இருக்கா? உன் ஆபீஸ்ல ஒரே நாள்ல நாப்பது பேரை மெயில் அனுப்பி வீட்டுக்குப் போகச் சொன்னாங்கன்னு நீதானே சொன்னே?”

செம குத்து. நேரா தாடையில :-)

ஆனா என் வேலை போனா என் மூளை என்கிட்டயேதான் இருக்கும், இன்னொரு இடத்துல போய் தட்டலாம். அவன் விக்கப் போறது உடம்பை. தலையில வாங்கற அடி மூளையை என்ன பண்ணும்னு 1928-லயே மார்ட்லண்ட்ங்கற அமெரிக்க டாக்டர் எழுதி வெச்சிட்டாரு. அதை சித்தி முன்னாடி சொல்லலை. தனியா கூட்டிட்டுப் போய் டீக்கடையில வெச்சுச் சொன்னேன். “தெரியும்ணா. கோச் முதல் நாளே சொல்லிட்டாரு”ன்னான். அந்த ‘தெரியும்ணா’ங்கற குரல்ல இருந்த நிதானம் எனக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல காலேஜ் தேர்ந்தெடுத்தப்ப இல்லை. அன்னிக்கு நான் என்ன படிக்கப் போறேன்னே தெரியாமத்தான் ஃபார்ம்ல டிக் அடிச்சேன்.

கடைசியில நான் சொன்னது இதுதான். ரெண்டு வருஷம். டிகிரியை முடி. அதுக்குள்ள நேஷனல்ஸ்ல மெடல் வந்தா கோட்டாவுல வேலைக்குப் போ, கூடவே ஆடு. நல்ல கேம்ப், நல்ல சாப்பாடு, நல்ல எதிராளி, எல்லாம் இன்னிக்கும் ராணுவம், ரயில்வே, போலீஸ்கிட்டதான் இருக்கு. இந்தியாவுக்கு ஆடற அளவுக்கு வந்துட்டா எந்த ப்ரோமோட்டரா இருந்தாலும் அவனே உன்னைத் தேடி வருவான். விஜேந்தர் இருபத்தொம்பது வயசுலதான் ப்ரோ ஆனாரு, இப்ப போகலைன்னா கதவு மூடிடும்னு பதறாதே. மெடல் வரலைன்னா இருபத்திரண்டு வயசு, கையில பி.காம்., அப்போ ப்ரோ போகணும்னு இன்னமும் தோணுச்சுன்னா போ. சித்தப்பாகிட்ட அன்னிக்கு உனக்காக நான் பேசறேன். இன்னிக்கு அவருக்காக உன்கிட்ட பேசறேன்.

அவன் சரின்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை. “நேஷனல்ஸ் செலக்‌ஷன் அடுத்த மாசம்ணா. 62 கிலோ இருக்கேன், ரெண்டு கிலோ இறக்கணும்”னு சொல்லிட்டு டீயை சக்கரை இல்லாம வாங்கிக் குடிச்சான். இப்போதைக்கு சித்தி அவனுக்கு இட்லியை எண்ணித்தான் வைக்கிறாங்களாம். சித்தப்பா டூட்டி முடிஞ்சு வர்றப்ப வழக்கம் போல முட்டை வாங்கிட்டு வர்றாராம்.

சரி மக்களே, என் ஷீட்ல ஏதாவது கட்டம் விட்டுப் போயிருந்தா சொல்லுங்க. குறிப்பா ராணுவத்துல, ரயில்வேயில ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சேர்ந்த சொந்தக்காரங்க, சிநேகிதர்கள் யாராவது இருந்தா, சேர்ந்தப்புறமும் அவங்களால தொடர்ந்து ஆட முடிஞ்சுதா, இல்லை ஃபைல் தூக்க விட்டுட்டாங்களான்னு பின்னூட்டத்துல எழுதுங்க. தம்பியும் படிப்பான்.

டிஸ்கி: ‘ஒரு பாக்ஸிங் பதிவுல ஒரு குத்துப் பாட்டுக் கூட இல்லையே’ன்னு கேக்கறவங்க முகவரியை அனுப்பவும். தம்பியை அனுப்பி வைக்கிறேன் ;-)